இடது மிதிகட்டை

எங்கள் வீட்டு ஆர்கனின் அடியில் இரண்டு மிதிகட்டைகள் உண்டு. வலது கட்டையில் ஒட்டியிருந்த கம்பளம் எப்போதோ கிழிந்து, அதன்மேல் போட்ட ரப்பரும் தேய்ந்து, இப்போது வெறும் மரம்தான் இருக்கிறது. பாதம் படும் இடத்தில் அந்த மரமும் குழிந்திருக்கிறது. இடது கட்டையில் மட்டும் சிவப்புக் கம்பளம் ஒட்டினபடியே இருக்கிறது. அதில் நெய்த பூவுக்கு எத்தனை இதழ் என்று எண்ணிச் சொல்லலாம். போன மழைக்காலத்தில் பழுதுபார்க்க வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்தை யாரும் மிதிக்கவே இல்லையா என்று கேட்டார். மிதிக்கக் கூடாது என்று உத்தரவு என்றேன். அவர் சிரித்தார். உத்தரவு போட்டவள் உள் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என் அக்கா.

காலால் மாற்றி மாற்றி மிதித்தால் உள்ளே இருக்கும் துருத்தியில் காற்று சேரும், விரல் கட்டையை அழுத்தினால் அந்தக் காற்று சத்தமாகும். ஆர்கன் என்பது அவ்வளவுதான். அதை வாசிக்க இரண்டு கை வேண்டும், இரண்டு காலும் வேண்டும். அக்காவுக்குச் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு நடப்பாள். அந்தக் காலால் நிற்க முடியும், எதையும் அழுத்த முடியாது. எனக்குக் கால் இரண்டும் திடம். விரல்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்காது. ஆண்டவர் இந்த இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துத்தான் ஒரு முழு ஆர்கன்காரியைப் படைத்திருக்கிறார் என்று அப்பா வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். விருந்தாளிகளும் சிரிப்பார்கள். அக்கா ஒருநாளும் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்பாவுக்குச் சாத்தான்குளம் பக்கம். துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைத்துத் தூத்துக்குடிக்கு வந்தவர். பழைய மிஷன் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது அந்த ஆர்கனை வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். கடல் காற்றுக்கு அது படுத்தின பாடு கொஞ்சமல்ல. மழைக்காலக் கொண்டல் காற்று வீசத் தொடங்கினால் விரல் கட்டைகள் ஊறி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். உள்ளே ஒரு பல்பை எரியவிட்டுக் காயவைப்போம். எங்கள் சபையின் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வது வழக்கம். அந்த ஐயரம்மாவிடம்தான் நாங்கள் இருவரும் ஆர்கன் படித்தோம். அக்கா வாசிக்கும்போது நான் அவளுடைய இடப்பக்கம் ஒரே ஸ்டூலில் ஒட்டி உட்கார்ந்து இடது கட்டையை மிதிப்பேன். வலது கட்டை அவளுக்கு. சன்னல் வழியே உப்பு லாரி போவதைப் பார்த்து நான் மிதிக்க மறந்தால் பாட்டு முனகிக்கொண்டே இறங்கும். உடனே தொடையில் ஒரு கிள்ளு விழும். அவள் கை மறுபடி கட்டைக்குப் போய்விடும், ஒரு சுரம்கூடத் தப்பாது.

கிறிஸ்துமஸுக்கு முன்பு ஆண்டுதோறும் ஐயரம்மா பள்ளிக்கூட ஹாலில் ஓர் இசை மாலை நடத்துவார். மாணவர் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு பாட்டு வாசிக்க வேண்டும். புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம் அது. அக்கா எஸ்.எஸ்.எல்.சி., நான் எட்டாம் வகுப்பு. ஞாயிறு மாலை ஆராதனைக்கு வாசித்துக்கொண்டிருந்தவர் வேலை மாற்றலாகி மதராஸ் போய்விட்டதால், இசை மாலையில் ஒரு ஞானப்பாட்டை, மேல்குரலிலிருந்து அடிக்குரல்வரை நான்கு குரலோடும் சரியாக வாசித்துக் காட்டுகிறவருக்கு அந்த இடம் என்று ஐயர் அறிவித்தார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது, இந்த வருடம் தானே தனியாக மிதிக்கப்போவதாக அக்கா சொன்னாள். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கூடப்பிறந்தவள் மிதித்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார். அக்கா என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"நாளைக்கு இவ கல்யாணம் முடிஞ்சு போயிட்டான்னா, நான் யாரு காலத் தேடி அலைவேன்?"

அம்மாதான், "இருக்கிற ஒத்தக் காலையும் கெடுத்துக்கிடாத, ஏளா" என்றார்.

மறுநாளிலிருந்து ஸ்டூலில் எனக்கு இடமில்லை. தொடையில் கிள்ளு வாங்குவது நின்றதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. அவள் தனியாக வாசித்த முதல் வாரம் முழுவதும் கேட்கச் சகிக்காது. ஒற்றைக் காலால் மிதிக்கும்போது, பாதம் மேலே வருகிற நேரத்தில் காற்று சேர்வதில்லை. அந்த இடத்தில் சத்தம் தொங்கும். பாட்டு முழுவதும் நொண்டியது. நொண்டியது என்ற சொல்லை நான் அப்போது வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். ஆமாம், வாசிக்கிறவளும் நொண்டிதானே, உனக்கு இப்போதுதான் தெரிந்ததா என்று கேட்டுவிட்டு அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் வாசிப்பாள், வந்ததும் பூட்ஸைக் கழற்றாமல் வாசிப்பாள். தொடை கல்லாக இறுகி இரவில் அழுவாள். அம்மா திட்டிக்கொண்டே தைலம் தேய்ப்பார். திட்டு நிற்கும்போது அழுகையும் நின்றிருக்கும். ஐப்பசி முடிவதற்குள் எங்கள் வீட்டு ஆர்கன் அவளுடைய ஒரு காலுக்குப் பழகிவிட்டது. சமையலறையிலிருந்து கேட்டால் யார் மிதிக்கிறார்கள் என்று அம்மாவுக்கே தெரியாது.

ஆனால் பள்ளி ஹாலில் இருந்தது எங்கள் ஆர்கன் அல்லவே. அது இதைப்போல ஒன்றரை மடங்கு இருக்கும். துருத்தியும் பழசு. ஒத்திகைக்குப் போனபோது இரண்டாவது வரி முடிவதற்குள் காற்று தீர்ந்து, பாட்டு ஒரு பெருமூச்சோடு நின்றுபோனது. அக்கா இன்னும் வேகமாக மிதித்தாள். அப்போதும் பாதி வரிக்கு மேல் தாங்கவில்லை. ஐயரம்மா நல்லவர். தங்கச்சியை உட்காரவைத்துக்கொள்வதில் ஒரு குறைச்சலும் இல்லை, ஆண்டவர் எல்லாம் அறிவார் என்று ஆறுதலாகச் சொன்னார். ஆண்டவருக்குத் தெரிந்தது இருக்கட்டும், மாலை ஆராதனைக்கு இரண்டு பேரை உட்காரவைப்பார்களா என்று அக்கா கேட்டாள்.

ரிக்‌ஷாவில் வீடு திரும்பினோம். வந்ததும் அக்கா ஆர்கனில் ஸ்டாப் என்கிற இழுகுமிழ்கள் எல்லாவற்றையும் இழுத்துவிட்டு, அது அதிகமாகக் காற்றைக் குடிக்கும்படி செய்துகொண்டு உட்கார்ந்தாள். ஒரு வரி வாசித்தாள். கைகளைத் தூக்கினாள். வலது கட்டையை மூன்று முறை ஆழமாக மிதித்தாள். பிறகு அடுத்த வரி. காற்று போதாவிட்டால், வரிக்கு வரி நின்று காற்றைச் சேர்த்துக்கொண்டு போவது என்று முடிவு செய்துவிட்டாள். பாட்டில் எழுதியிராத நிறுத்தத்தை எப்படிச் சேர்ப்பது என்று ஐயரம்மா தயங்கினார். "பாடுறவங்க மூச்சு விடத்தானே செய்யுதாங்க, பெட்டியும் விட்டுட்டுப் போகட்டும்" என்றாள் அக்கா. ஐயரம்மா ஒத்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார். நான் ஸ்டூலின் இடது ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். காற்று தீர்ந்தால் மட்டும் மிதிக்க வேண்டும். அக்கா சரி என்றாள். என்னைப் பார்த்த பார்வையில் சரி என்று இல்லை.

இசை மாலையன்று மதியத்திலிருந்தே மழை. அப்படியும் ஹால் நிரம்பிவிட்டது. நான் என்னுடைய சின்னப் பாட்டை வாசித்தேன். திரும்ப வாசிக்க வேண்டிய பகுதியைப் பதற்றத்தில் விட்டுவிட்டதால் எல்லோரும் எதிர்பார்த்ததற்கு முன்பே முடித்து எழுந்துவிட்டேன். கடைசியாக அக்கா. மரத் தரையில் அவளுடைய பூட்ஸ் சத்தம் ஆர்கன்வரைக்கும் போனது. இடது காலைக் கையால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் எடுத்திருந்தது சபையில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடமான ஒரு ஞானப்பாட்டு. முதல் வரி நான்கு குரலும் சேர்ந்து, வீட்டில் கேட்டதைவிட நன்றாக வந்தது. வரி முடிந்தது. கைகளைத் தூக்கினாள். வலது கட்டையை முதல் முறை மிதித்தாள்.

இந்த இடத்தில் நடக்கப்போவதை நாங்கள் இருவருமே, ஏன், ஐயரம்மாவும்கூட, யோசிக்கவில்லை. ஆராதனையில் ஆர்கன் வாசிக்கிறவர் முதல் வரியை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்துவார். எழுந்து பாடுங்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். பிறந்ததிலிருந்து ஞாயிறுதோறும் அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் எங்கள் ஆட்கள். முதல் வரி, ஒரு நிறுத்தம். ஹால் முழுவதும் எழுந்துவிட்டது. பெஞ்சுகள் கரகரவென்று பின்னால் நகர்ந்தன. சபையில் பாதிப்பேர் நாசரேத் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்; அவர்கள் தொண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முழு வேகத்தில் பாடத் தொடங்கிவிட்டார்கள். ஐயர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அக்கா இரண்டாவது வரியை வாசிக்கத்தான் செய்தாள்; பக்கத்தில் இருந்த எனக்கே அது கேட்கவில்லை. இத்தனை மாதமும் வீணாகிறதே. இந்தச் சத்தத்துக்கு மேலே அவள் வாசிப்பது கேட்க வேண்டுமென்றால் இன்னும் காற்று வேண்டும். என் கால் தானாகவே இடது கட்டைக்குப் போனது.

"ஏளா, காலை எடு."

எடுத்துவிட்டேன். அவளும் கைகளைக் கட்டையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆர்கன் நின்றது அவர்களுக்குத் தெரியவே இல்லை. முதல் சரணத்தைக் கடைசிவரை பாடி முடித்து, இரண்டாவது சரணத்துக்கு ஆர்கன் எடுத்துக்கொடுக்கும் என்று காத்து நின்றார்கள். ஒன்றும் வரவில்லை. ஓட்டின் மேல் மழை பெய்வது மட்டும் கேட்டது. அக்கா ஸ்டூலில் இடுப்பைத் திருப்பி உட்கார்ந்து அத்தனை பேரையும் பார்த்தாள்.

"எல்லாரும் உக்காருங்க. நான் இன்னும் வாசிக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள். பின்னால் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். முதலில் உட்கார்ந்தது ஐயர்தான். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதும், அப்பா முதுகை நேராக்கிக்கொண்டதும் எனக்குத் தெரிந்தது. அக்கா திரும்பினாள், முதல் வரியிலிருந்து தொடங்கினாள். வரி முடிந்து கைகளைத் தூக்கியபோது ஒருவர்கூட அசையவில்லை. வலது கட்டை மூன்று முறை கிறீச்சிட்டது, அவ்வளவுதான் சத்தம். மூன்றாவது வரியில் அவளுடைய தொடை பாவாடைக்குள் நடுங்குவது என் உடம்பில் தெரிந்தது. என் கால் மறுபடி போய்விடக் கூடாதே என்று முழங்காலை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். நான் வாழ்க்கையில் செய்த கடினமான வேலை எதுவென்று கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். அவள் கடைசி வரியையும் முடித்தாள். காற்று மிச்சமிருந்தது.

மாலை ஆராதனை அவளுக்குக் கிடைத்தது. அப்பா சந்தோஷம் தாங்காமல் அந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டு ஆர்கனின் மிதிகட்டை இரண்டுக்கும் பூப் போட்ட சிவப்புக் கம்பளம் ஒட்டினார். இடது கட்டையில் இனி ஒருவரும் கால் வைக்கக் கூடாது என்று அக்கா அன்றே சொல்லிவிட்டாள். நான் ஆர்கனை விட்டுப் பாட்டுக் குழுவுக்குப் போய்விட்டேன், அதனால் எனக்கு நஷ்டமில்லை. சபையோர் கொஞ்சங்கொஞ்சமாக அவளுடைய நிறுத்தங்களைக் கற்றுக்கொண்டார்கள். அவள் மிதிக்கும் நேரத்தில் அவர்களும் மூச்சு வாங்குவார்கள். கயத்தாறிலிருந்து பெண்கொடுத்த வீட்டார் யாராவது வந்தால், உங்கள் சபையில் ஏன் வரிக்கு வரி நின்று பாடுகிறீர்கள் என்று கேட்பார்கள். இங்கே அப்படித்தான் என்று சொல்லிவிடுவோம். அவள் ஓய்வு பெற்ற பிறகு மின்சாரக் கீபோர்டு வந்தது. அதற்கு மூச்சு வேண்டாம். இப்போது எல்லாச் சபைகளையும்போல நாங்களும் நிற்காமல் பாடுகிறோம்.

அம்மா பயந்ததும் நடக்காமல் இல்லை. அத்தனை வருடம் எல்லாவற்றையும் தாங்கிய வலது முழங்கால் ஒருவழியாகக் கைவிட்டது. அக்கா என்னோடு வந்து இருக்கத் தொடங்கினாள், ஆர்கனும் கூடவே வந்தது. அம்மா சொன்னது பலித்துவிட்டதே என்று ஒருநாள் நான் சொன்னதற்கு, "அது வாசிச்சு முடிச்ச பொறவுல்லா வந்துச்சு, வரட்டும்" என்றாள்.

பழுதுபார்த்தவர் போன அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதி ஓய்ந்தது. அக்கா சக்கர நாற்காலியிலிருந்து ஸ்டூலுக்கு மாறி உட்கார்ந்து, வலது பாதத்தைக் குழிந்த மரத்தில் வைத்து அழுத்திப் பார்த்தாள். கட்டை பாதிதான் இறங்கியது. இன்னொரு முறை அழுத்தினாள். பிறகு எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏளா, காலை வை."

அன்று எடுக்கச் சொன்ன அதே குரல். இருவரும் பருத்துவிட்டோம், ஸ்டூலில் பாதி உடம்புதான் கொண்டது. உள்ளங்காலுக்கு அந்தக் கம்பளம் புதுத்துணிபோல் சொரசொரத்தது. மிதித்தேன், தூசி எழும்பியது, துருத்தி விம்மியது. வலப்பக்கம் அவளும் தன்னால் முடிந்த மட்டும் மிதித்தாள். அந்த ஞானப்பாட்டைத்தான் எடுத்தாள். முதல் வரி முடிந்தது. உள்ளே காற்று நிறைய இருந்தது. ஆனாலும் அவள் கைகளைத் தூக்கி நிறுத்தினாள். நான் எழுந்திருக்கவில்லை, பாடவுமில்லை.