ரமீஜா அக்காவும் ரேடியேட்டரில் ஒட்டிய பத்திரிகையும்

போன செவ்வாய்க்கிழமை காலை, நம்பர் ஒன் டோல்கேட்டில் லாரியை ஓரங்கட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். ரமீஜா அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்ததும் எப்போதும்போல, "பாதியிலதான் நிக்குதுக்கா" என்றேன்.  மறுமுனையில் அவருடைய மகள் நசீமாவின் குரல் கேட்டது. "மாமா, அம்மா மௌத்தாயிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க." டீ கையிலேயே ஆறிப்போயிற்று.

பாலக்கரையில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்த அக்காவை அறிந்தவர்களுக்கு, எது பாதியில் நிற்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டிரைவருக்கு எதிரே எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஒன்று இருக்கும். அது நடுவில் நின்றால் நிம்மதி. சிவப்பைத் தொட்டால் நடுரோடுதான். தம்மிடம் சாமான் வாங்கியவர்களுக்கு அக்கா தாமே போன் போடுவார். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. "முள் எங்க நிக்குது?" என்றுதான் பேச்சே தொடங்கும். நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது ஸ்ரீரங்கத்திலிருக்கும் என் வீட்டுக்குப் பார்க்க வந்தவர், தெர்மாமீட்டரும் கையுமாக நின்ற என் மனைவியிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டார். அன்று சிரித்த சிரிப்பிலேயே எனக்குப் பாதிக் காய்ச்சல் இறங்கிவிட்டது.

கணவர் துபாயில் இருந்த காலத்தில் கடையைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்தவர் அக்கா. கணவர் ஊரோடு வந்த பிறகும் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. பாவம், கணவருக்கு அக்காவின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போடப்பட்டது.

என் லாரிக்கு எஞ்சின் மாற்றிய கதையில்தான் அக்கா எனக்கு நெருக்கமானார். பழைய எஞ்சின் புகை கக்கி ஓய்ந்துபோக, வேறு ஒரு பெரிய லாரியிலிருந்து கழற்றிய எஞ்சினை மன்னார்புரம் பட்டறையில் ஏற்றினேன். இழுவை யானை மாதிரி இருந்தது, சூடும் அப்படியே. மண்ணச்சநல்லூர் மில் அரிசியோடு கொள்ளிடம் பாலத்தில் இரண்டு முறை நின்றேன். பின்னால் நின்ற பஸ்காரர்கள் என் பரம்பரையையே விசாரித்தார்கள். இன்னொரு தடவை நின்றால் லோடு வேறு வண்டிக்குப் போய்விடும் என்று மில் முதலாளி சொல்லிவிட்டார். எனக்கு இருந்தது ஒரே லாரி, அதற்கு இருந்தது அந்த ஒரே மில்.

அக்காவின் கடைக்கு ஓடிப்போய், கார்களில் இருப்பது போன்ற எலக்ட்ரிக் ஃபேன் இரண்டு கேட்டேன். அக்கா அதை எடுக்கவே இல்லை. இந்த எஞ்சினின் சூட்டுக்கு அது பத்தாது, பேட்டரியையும் குடித்துவிடும் என்றார். அப்படியானால் இருப்பதிலேயே பெரிய ஃபேனாகக் கொடுங்கள் என்றேன். ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டார். நாலு விரல் என்றேன். "யாரோட விரல்? உங்களுதா, உங்க மெக்கானிக்கோடதா?" என்று கேட்டவர், அதற்கு மேல் என்னை நம்பாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போக ஆட்டோவில் ஏறிவிட்டார்.

அந்தக் கைப்பை நிறையக் கல்யாணப் பத்திரிகைகள். ஓடும் வண்டியின் ரேடியேட்டருக்கு முன்னால் ஓர் அட்டையை வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். ஃபேன் நன்றாகக் காற்றை இழுத்தால் அட்டை அப்படியே ஒட்டிக்கொள்ளும். வேனுக்கு மெல்லிய பத்திரிகை, லாரிக்குத் தடித்த பத்திரிகை. சாமி படமோ பிஸ்மில்லாவோ அச்சிட்ட பக்கத்தைப் பக்குவமாகக் கிழித்து வீட்டில் வைத்துவிட்டு, விருந்து நேரம் போட்டிருக்கும் பக்கத்தை மட்டும்தான் பட்டறைக்குக் கொண்டுவருவார்.

எஞ்சினை முடுக்கச் சொல்லி அட்டையை நீட்டினார். அது ஒட்டவில்லை. பறந்து வந்து அவர் மூக்குக் கண்ணாடியில் அடித்தது.  அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, ஃபேன் காத்த உள்ள இழுக்கல, வெளிய தள்ளுது. எதிர்க்காத்தோட சண்டை போட்டுக்கிட்டு ஓடியிருக்கீங்க."

புது எஞ்சினில் ஃபேன் சுற்றும் திசையே வேறு. மெக்கானிக் பழைய எஞ்சினின் ஃபேனை எடுத்து அப்படியே மாட்டியிருந்தார். பட்டறையில் இரண்டு வாரம் மூன்று பேர் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் அது. அக்கா தாமே இடைவெளியை அளந்தார். சூடு ஏறினால் மட்டும் வேகமெடுக்கும் விலை கூடிய ஃபேன்மேல்தான் அவருக்கு ஆசை. ஆனால் அதன் தடிமனுக்கு இடமில்லை. கடைசியில் அந்தத் திசைக்கென்றே செய்த சாதாரண ஃபேன் ஒன்றைக் கொடுத்து, காற்று சிதறாமல் இருக்கச் சுற்றிலும் தகரக் கூடு அடிக்கச் சொன்னார். மறுபடி அட்டையை வைத்தார். பசை தடவியதுபோல ஒட்டிக்கொண்டது. "இனிமே லாரி ஓடும், போயிட்டு வாங்க" என்றார். அதன்பிறகு நான் பாலத்தில் நின்றதில்லை. மில் லோடு இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. என் மகள் கல்லூரி முடித்ததும் அந்த லோடில்தான்.

அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாதிரிப் பத்திரிகையை முதலில் அக்காவிடம்தான் காட்டினேன். வாழ்த்துவதற்கு முன்னால் அட்டையை வளைத்துப் பார்த்து, "இது வேனுக்குத்தான் ஆகும்" என்றார். தடித்த அட்டைக்கு மாற்றினேன். கிளம்பும்போது, தமக்கு மட்டும் படமே இல்லாமல் ஒன்று அடித்துத் தரச் சொன்னார். ஏனென்று கேட்டேன்.

"உங்க வீட்டுப் பத்திரிகையக் கிழிக்க எனக்கு மனசு வராது தம்பி" என்றார்.

அப்படியே ஒன்று அடித்தேன். அதிலேயே என் கையால் அவர் பெயரை எழுதி உறையில் போட்டு, வெள்ளிக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. துக்கத்துக்குப் போனபோது அதை நசீமாவிடம் நீட்டினேன். உறையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "வண்டியிலயே வெச்சுக்கங்க மாமா. அதுக்குத்தானே கேட்டாங்க."

மறுநாள் லோடு ஏற்றுவதற்கு முன் எஞ்சினை முடுக்கிவிட்டு இறங்கினேன். உறையைப் பிரித்து, பத்திரிகையை ரேடியேட்டர்மேல் வைத்துக் கையை எடுத்தேன். 'அன்புள்ள ரமீஜா அக்காவுக்கு' என்று நான் எழுதிய பக்கம் என்னைப் பார்த்தபடி அப்படியே ஒட்டி நின்றது.