குளிர்ந்த போத்தலில் கொதிநீர்

ஐஸ்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த கண்ணாடிப் போத்தலில் கொதிநீரை ஊற்றினால் அது வெடித்துவிடும் என்பது, பிரசவ வார்டில் தலை நரைக்கும்வரை மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்த ஒருவருக்குத் தெரியாமல் இருக்குமா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. ஒரு நாள், கட்டாயம் தெரிந்திருக்கும் என்று தோன்றுகிறது. மறுநாளே, ஒரு மனுஷியைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று என் மேலேயே எனக்கு அருவருப்பு வருகிறது. அப்படி வெடித்த ஒரு போத்தலில் மிஞ்சியது அதன் வெள்ளை வளையமும் ரப்பர் காம்பும்தான். காம்பு பழுப்பேறி, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. போன வாரம், வரப்போகும் இரண்டாவது குழந்தைக்காகப் பழைய சட்டைகளைத் துவைக்க எடுத்தபோது, அலமாரியில் அவற்றுக்கு அடியில் நான் ஒளித்து வைத்திருந்த அவை கையில் தட்டுப்பட்டன.

அந்த மிஸ்ஸி என் கணவரின் அக்கா; நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கிள்ளானில் அவர்கள் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் மிஸ்ஸிதான். காய்ச்சல் என்றாலும் கட்டி என்றாலும் கிளினிக்குக்குப் போகுமுன் அவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். அவரும் சலிக்காமல் பார்ப்பார். மாமனார் இளம் வயதிலேயே போய்விட்டதால், என் கணவரைப் படிக்க வைத்தது அவருடைய நர்ஸ் சம்பளம். ஆகவே அந்தக் குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கல்யாணமாகி முதல்முறை அங்கே போனபோது, பங்சாரில் ஓர் ஆபீசில் நான் கிராணியாக எழுத்து வேலை பார்ப்பதைக் கேட்டுவிட்டு, “டைப் அடிக்கிற கையா? சோறு வடிக்குமா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது அதை வேடிக்கை என்றே நினைத்தேன்.

மகன் பிறந்த பிறகுதான் அவருடைய வேடிக்கைக்குப் பல் முளைத்தது. எனக்குப் பால் போதவில்லை. இரண்டு மாத விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. குழந்தை போத்தல் பாலுக்கு மாறினான். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறிக் கிள்ளானுக்குப் போவோம். உள்ளே நுழைந்ததும் அண்ணி குழந்தையை வாங்கமாட்டார், பையைத்தான் வாங்குவார். போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து, மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடியில் பால் திட்டு இருக்கிறதா என்று உருட்டி உருட்டிப் பார்ப்பார். கொழுந்தன்மாரும் அவர்கள் பிள்ளைகளும் டிவியை விட்டுவிட்டு அதைப் பார்ப்பார்கள். ஏதாவது வாடை வந்துவிட்டால், “இந்தா, உன் பொண்டாட்டி கழுவின லட்சணத்த நீயே மோந்து பாரு” என்று என் கணவரின் மூக்கருகே நீட்டுவார். அவரும் மோந்து பார்ப்பார். ஒரு தடவைகூட அந்தக் கையைத் தள்ளிவிட்டதில்லை.

அதனால் நான் கழுவினேன். அப்படிக் கழுவினேன். முட்தூரிகை போட்டுத் தேய்த்து, சோடா உப்பு போட்டு ஊறவைத்து, மறுபடி தேய்த்து, இட்லிச் சட்டியில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கொதிக்க அவித்தேன். அண்ணி ஐந்து நிமிடம் என்றால் நான் இருபது நிமிடம் வைத்தேன். கண்ணாடி போலத் தெளிவாக இருந்த அந்தப் பிளாஸ்டிக் போத்தல்கள் மெல்ல மெல்லப் பனி படிந்தது போல மங்கின. உள்ளே தூரிகையின் கீறல்கள் வலை போலப் பின்னிக் கிடந்தன. அதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு தேய்த்திருக்கிறேன் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

குழந்தைக்கு ஒரு வயது நெருங்கும்போது, தமிழ்ப் பத்திரிகையின் மகளிர் பக்கத்தில் ஒரு சிறிய கட்டுரை வந்தது. தெளிவான கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த சில பால் போத்தல்களிலிருந்து ஒரு ரசாயனம் பாலில் கசியக்கூடும். சூடு படப்பட, கீறல் விழவிழ அது கூடலாம். உடம்பின் சுரப்பிகளை அது தொந்தரவு செய்யலாம் என்று வெளிநாட்டில் சிலர் சந்தேகிக்கிறார்கள். போத்தல் செய்பவர்களோ பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள். அவ்வளவுதான். எல்லாம் ‘கூடும்’, ‘லாம்’. ஆனால் சூடு, கீறல் என்ற இரண்டு சொற்களும் என் வீட்டுக்குள் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போய் எழுதியது போல இருந்தன. நான் குழந்தைக்காகச் செய்தது எல்லாம் குழந்தைக்கு எதிராகவே செய்ததா? ஆபீசில் கணக்குக் கூட்டும்போதும் அந்த மங்கிய போத்தல்தான் கண்முன் நின்றது.

யாரிடம் கேட்பேன்? எங்கள் குடும்பத்தில் இப்படிப்பட்ட கேள்விக்கு ஒரே இடம்தான். அடுத்த ஞாயிறு, சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, பத்திரிகைத் துண்டை அண்ணியிடம் நீட்டினேன். தனியாகக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் தனியாக இருக்கும் நேரம் அந்த வீட்டில் ஏது? அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். முழுதாகத்தான் படித்தார், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு அதைச் சுருட்டி, காது குடைவது போலப் பாவனை செய்தார்.

“கேட்டீங்களா, நம்ம வீட்டுக்கு ஒரு டாக்டரம்மா வந்திருக்காங்க. பேப்பர்லயே படிச்சு பாஸ் பண்ணிட்டாங்க” என்றார். பெரிய கொழுந்தன், “அப்போ இனிமே மிஸ்ஸிக்கு வேலை இல்லலா” என்றார். மறுபடியும் சிரிப்பு. “கண்ணாடி போத்தல் வாங்கலாமான்னு...” என்று நான் இழுத்தேன். “கண்ணாடியா? வார்டுல அந்தக் கண்ணாடி உடஞ்சு எத்தன பேரு கை கிழிஞ்சிருக்கு தெரியுமா உனக்கு? நீ டைப் அடிக்கிற வேலையப் பாரும்மா. பிளாஸ்டிக்ல குடிச்ச பிள்ளைங்கதான் இங்க பூரா நிக்குது. உன் புள்ள மட்டும் தங்கத்துல குடிக்கணுமா?”

நான் துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆனால் மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில், எங்கள் தெருமுனைச் சீனர் மருந்துக் கடையில் ஒரு கண்ணாடிப் போத்தல் வாங்கினேன். கடைக்கார ஆன்டி பழைய பெட்டிக்குள் தேடித் தூசி தட்டி எடுத்துத் தந்தார். கனமாக இருந்தது. எத்தனை தேய்த்தாலும் மங்கவில்லை. சில வாரம் நான் நிம்மதியாக இருந்தேன். கிள்ளானுக்குப் போகும்போது மட்டும் பழைய பிளாஸ்டிக்கை எடுத்துப் போவேன்.

மாமனாரின் திதியன்று, அவசரத்தில் கண்ணாடிப் போத்தல் பைக்குள் வந்துவிட்டது. பார்லித் தண்ணீர் நிரப்பியிருந்ததால், போனதும் அதை அண்ணி வீட்டு ஐஸ்பெட்டியில் ஓர் ஓரமாக வைத்தேன். படையல் முடியும்வரை யாரும் சாப்பிடக் கூடாது. குழந்தைக்கு அந்தக் கட்டு இல்லை என்றாலும், அடுப்படி முழுக்கப் படையல் வேலை நடந்ததால் அவன் பால் நேரம் தள்ளிப்போனது. அழ ஆரம்பித்தான். நான் வாழை இலை துடைத்துக்கொண்டிருந்தேன். “புள்ளைக்குப் பால் கரைக்கக்கூட ஆள் இல்லையா?” என்று அண்ணி எழுந்தார். ஐஸ்பெட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றார். பிறகு போத்தலை எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார்.

“வாங்கிட்டா பாத்தியா. என் பேச்சுக்கு அவ்வளவு மரியாத.”

பார்லித் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினார். தெர்மாஸைத் திறந்தார். காலையில் கொதிக்க வைத்து ஊற்றிய தண்ணீர், ஆவி பறந்தது. என் மகன் அழுகையை நிறுத்திவிட்டு, மேசையருகே அவருடைய சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து போத்தலையே பார்த்து நின்றான். அவனுக்கு அவர் என்றால் உயிர். நான் சொன்னேன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: “அண்ணி, போத்தல் சில்லுனு இருக்கு.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “எனக்குச் சொல்லித் தர்றியா?” என்று கேட்டார். என்னைப் பார்த்துக்கொண்டே ஊற்றினார்.

சத்தம் பெரிதாக இல்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவது போல ஒரு சின்ன ஒலி. போத்தலின் அடிப்பாகம் வட்டமாகக் கழன்று விழுந்தது. தண்ணீர் முழுவதும் குழந்தையின் இடது காலில் இறங்கியது.

அதன்பின் அவர் செய்த ஒவ்வொன்றும் சரி. அதையும் நான் எழுதியாக வேண்டும். நான் கத்திக்கொண்டு நிற்க, அவர் குழந்தையை வாரிக்கொண்டு போய்ப் பைப்படியில் காலை நீட்டிப் பிடித்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். யாரோ பற்பசையோடு ஓடி வந்தார்கள், அதைத் தட்டிவிட்டார். அவன் துடித்த துடிப்பிலும் அந்தக் கை நடுங்கவில்லை. டாக்டர்கூட, உடனே தண்ணீரில் காட்டியதால்தான் இவ்வளவோடு போயிற்று என்றார். ஆனால் அந்தப் பைப்படியில், தண்ணீர் ஓடும் சத்தத்துக்கு நடுவே, குரலை உயர்த்தாமல் அவர் என்னிடம் சொன்னது இது: “கண்ணாடி வாங்கின கையாலயே போய் ஒரு துண்டு எடுத்துட்டு வா.”

அன்று படையல் சோற்றை யாரும் ருசித்துச் சாப்பிடவில்லை. அதுவும் என் கணக்கில் சேர்ந்தது. அதற்குப் பிறகு கல்யாணமோ காதுகுத்தோ, என்னை யாருக்காவது அறிமுகம் செய்யும்போதெல்லாம் அண்ணி சிரித்துக்கொண்டே சொல்வார்: “பேப்பர் படிச்சு புள்ள கால அவிச்சாளே, அவதான்.” ஊற்றியது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். “அக்கா வேணும்னேவா ஊத்தினாங்க? நீ வாங்காம இருந்திருந்தா உடஞ்சிருக்குமா?” என்றார். மருந்துக் கடைக்குத் திரும்பப் போகும் தைரியம் எனக்கு வரவில்லை. மிச்சக் காலத்துக்கு மகன் மங்கிய போத்தலிலேயே குடித்தான்.

ஒரு வருடம் கழித்து, சுபாங் ஜெயாவில் வாழ்க்கைப்பட்ட அண்ணியின் மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பெண் குழந்தை. சட்டையும் பவுடரும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். பேத்திக்குப் பால் கரைக்க வேண்டும் என்று அண்ணி அடுப்படிக்குப் போனார். நான் பாத்திரம் கழுவப் பின்னால் போனேன். தட்டுச் சட்டத்தில் கவிழ்த்து வைத்திருந்தவை எல்லாம் கண்ணாடிப் போத்தல்கள். அண்ணி ஒன்றை எடுத்தார். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிச் சுழற்றிக் கொட்டினார். பிறகு கொஞ்சம் கூடுதல் சூட்டில் மறுபடி ஊற்றிச் சுழற்றினார். அதன் பிறகே தெர்மாஸ் தண்ணீர். பார்க்காமலே செய்தார், மகளோடு பேசிக்கொண்டே, பழகிய கை தானாகச் செய்தது. திரும்பியபோது நான் நிற்பதைக் கண்டார். அவர் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். மாறவில்லை. “என்ன பாக்குற? பழக்கம் உள்ளவங்க கையில கண்ணாடி ஒண்ணும் செய்யாது” என்றார்.

அன்றிலிருந்துதான் அந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. அந்தக் கைக்கு எப்போதும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அன்று கோபத்தில் கை மறந்ததா? நான் சொல்லாமல் இருந்திருந்தால், வழக்கம்போல வெதுவெதுப்பான தண்ணீரை முதலில் ஊற்றியிருப்பாரா? நான் சொன்னதால்தான் ஊற்றினாரா? போத்தல் உடைய வேண்டும் என்று மட்டும் நினைத்து, கீழே நின்ற பிள்ளையை மறந்தாரா?

போன வாரம் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். எனக்கு இது ஆறாவது மாதம். ஆப்பிளும் ஆரஞ்சும் ஒரு பெட்டியும் கொண்டு வந்தார். பெட்டியில் புத்தம்புதிய பிளாஸ்டிக் போத்தல்கள். “விடுப்பு முடிஞ்சதும் புள்ளைய என்கிட்ட விட்டுடு. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் கிள்ளான்லயே இருக்கட்டும். அங்க கண்ணாடி இருக்கு, நான் பாத்துக்குவேன். சனி ஞாயிறு உன் கைக்கு இதுதான் சரி” என்றார். என் கணவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “அக்கா வளத்த ஆளுதான் நானே” என்றார். மகனை அப்போது பகலில் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பாட்டி வீடு மாறிப் போய்விட்டார்; குழந்தையை வைத்துக்கொள்ள வேறு யாரும் இல்லை; நான் வேலையை விட்டால் வீட்டு வாடகைக்கு வழியில்லை.

அந்த நேரம் மாடிவீட்டுப் பெண்குழந்தை ஒருத்தி என் மகனோடு விளையாட வந்திருந்தாள். பாலர் பள்ளித் தோழி. அவன் காலிலிருந்த சுருங்கிய தோலைத் தொட்டு, இது என்ன என்று கேட்டாள். அண்ணியின் மடியில் உட்கார்ந்திருந்த என் மகன் யோசிக்கவே இல்லை. “எங்கம்மா சுட்டுட்டாங்க. அத்தைதான் காப்பாத்துனாங்க” என்றான். அண்ணி அவன் தலையைத் தடவிக்கொடுத்தார். திருத்தவில்லை. என் கணவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

இதை எழுதும்போது வளையமும் காம்பும் மேசையில் இருக்கின்றன. பக்கத்தில் அண்ணி தந்த பெட்டி, பிரிக்காமல். கண்ணாடியைப் பிடித்தால் என் கை இப்போது உண்மையாகவே நடுங்குகிறது. பிளாஸ்டிக்கைப் பிடித்தால் அந்தக் கட்டுரை நினைவு வருகிறது. கிள்ளானுக்கு அனுப்பினால் குழந்தை நல்ல போத்தலில், பழகிய கையால், முறையாகப் பால் குடிக்கும். அதில் எனக்கு ஐயமில்லை. அந்தக் கைக்கு என்மேல் மறுபடி கோபம் வரும் நாளில் என்ன ஆகும் என்பதுதான் தெரியவில்லை.

இதைப் படிக்கும் தாய்மார்களே, எந்தப் போத்தல் நல்லது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். அதைவிட முக்கியமாக, என் இடத்தில் நீங்கள் இருந்தால் பிள்ளையை அவரிடம் விடுவீர்களா என்பதை எழுதுங்கள். வேண்டாம் என்று சொல்பவர்கள், அதை என் கணவரிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எனக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.