அடுத்தவர் அஞ்சலியில் எடுத்த சொற்கள்

கத்தரியை வைப்பதற்கு முன் வடிவு ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்கிறாள். "அன்னம்மாக்கா, கோச்சுக்காத. ஒன் வாசல எடுத்துக்கிறேன்." ரேஷன் கடை அன்னம்மாள் இறந்து சில வருடங்களாகின்றன. அவளுடைய நினைவஞ்சலி நோட்டீசிலிருந்து 'வாசல்' என்ற சொல் மட்டும் ஓரம் பிசகாமல் கழன்று வருகிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கும் கம்பெனியில் வடிவுக்குப் பிசிறு வெட்டும் வேலை. தொங்கும் நூலைத் துணியில் கீறல் விழாமல் நறுக்க வேண்டும். கண்ணும் கையும் அதற்கே பழகிவிட்டன. ஆவடி ரயிலில் முன்னால் நிற்கும் பெண்ணின் முதுகில் ஒரு நூல் தொங்கினால் போதும், "இரும்மா, ஆடாத" என்று பல்லாலேயே கடித்து எடுத்துவிடுவாள்.

அவள் கணவர் மணவாளன் லேத் பட்டறையில் இருந்தவர். அவர்கள் குடியிருக்கும் கோவில்பதாகையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கண்ணீர் அஞ்சலிக்கு நாலு வரி அவர்தான் எழுதித் தருவார். டீ ஆறுவதற்குள் எழுதிவிடுவார். அச்சாகி வரும் நோட்டீசில் ஒன்றை வடிவு எடுத்து வைப்பாள். அவர் பேர் அதில் இருக்காது. ஆனாலும் அவளுக்கு அதில் ஒரு பெருமை.

போன ஆடியில், நசரத்பேட்டைப் பக்கம் லாரி மோதி இளங்கோ போனான். ஒரே பிள்ளை. வேலைக்குச் சேர்ந்த புதிது. அன்றிலிருந்து மணவாளன் பேனாவைத் தொடவில்லை. எழுதித் தரச் சொல்லி வந்தவர்களிடம், "வரல நைனா, வுட்டுடு" என்பதோடு சரி.

வருஷ நினைவு நாள் நெருங்கியது. நோட்டீசுக்கு வரி வேண்டுமென்று வடிவு கேட்டபோது அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "ஊருக்கெல்லாம் எழுதித் தீத்துட்டேன் வடிவு. எம்புள்ளைக்கு ஒரு வார்த்தகூட மிச்சம் இல்ல."

அச்சகத்துத் தமிழ்வாணன் உதவத்தான் நினைத்தான். "கம்ப்யூட்டர்ல ரெடியா கீது அண்ணி. பேரை மட்டும் மாத்திக்கலாம்."

வடிவு திரையைப் படித்துப் பார்த்தாள். "இது யாரு புள்ளைக்கு வோணா ஒத்துப்போவும். எம்புள்ளைக்கு வாணாம்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டீஸ் கட்டைப் பிரித்துக் கூடத்தில் பரப்பினாள். கவிதை எழுத அவளுக்கு வராது. அவர் எழுதியதில் எது எங்கே இருக்கிறதென்று தெரியும். 'தோளில்' ஆட்டோக்கார இராமகிருஷ்ணனுடையது. 'பாதை' சுலோசனா டீச்சருடையது. 'மகன்' என்ற சொல்தான் கவிதை எதிலும் அகப்படவில்லை. எல்லாமே பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் போட்ட நோட்டீஸ். அப்பா இருந்தது, அம்மா இருந்தது, தெய்வம்கூட இருந்தது. கடைசியில், தாளின் அடியில் அவரே உறவுகளை அடுக்கி எழுதியிருந்த இடத்துக்குப் போனாள். மகன்கள், மகள்கள், மருமகன்கள். 'மகன்கள்' என்பதில் 'கள்' மட்டும் கீழே விழும்படி நறுக்கினாள். கத்தரி அங்கே கொஞ்சம் நின்றுதான் நகர்ந்தது.

மைதாப் பசையில் எல்லாவற்றையும் வெள்ளைத் தாளில் ஒட்டி முடித்தபோது மணவாளன் பின்னால் வந்து நின்றார்.

வாசல் திறந்தே இருக்கிறது
உன் தோளில் நாங்கள் போகும் பாதை
எங்கள் தோளில் நீ போனாய்
எங்கள் மகன்

"இன்னா இது? யாரு எழுதுனது?"

"நீதான்யா. அத்தினியும் ஒன்னுது. நான் ஒன்னுகூடப் போடல."

அவர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். உதடு அசையத் திரும்பத் திரும்பப் படித்தார். பசை காயாததால் சொற்கள் ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றன. முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தார். கடைசிச் சொல்லுக்கு வந்தார். அது நன்றாக ஒட்டிக்கொண்ட பிறகும் விரலை எடுக்கவில்லை.