பொலோன்யாவில் ஒற்றை ஷூ

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் ஆளைக் காணோமே என்று கேட்டவர்களுக்கு — இத்தாலியில் இருந்தேன். பொலோன்யா என்ற பழைய நகரத்தில் மகள் செல்விக்கு வேலை. போய் இறங்கிய மறுநாளே, முதல் சம்பளத்தில் வாங்கியது என்று ஒரு ஜோடி ஷூவை நீட்டினாள். பிரவுன் கலர் லெதர். அறுபது வயதில் என் கால்களுக்குக் கிடைத்த முதல் மரியாதை!

அதைப் போட்டுக்கொண்டுதான் வாக்கிங் டூர் போனேன். செல்வி இத்தாலியன் படிக்கிற வகுப்பின் டீச்சர் பாவ்லா, தன் மாணவர்களைப் பழைய நகரத்துக்குள் நடத்திக் கூட்டிப்போகிறார். என்னையும் சேர்த்துக்கொண்டார். கிளம்பும்போதே செல்வி எச்சரித்தாள்.

"அப்பா, எங்க டீச்சர், கூடப் படிக்கவங்க எல்லாரும் வருதாங்க. அங்கன வந்து என் மானத்த வாங்கிராதீங்க."

நானா? வாங்குவேனா?

ஊர் அழகுதான். தெருவுக்குத் தெரு தூண் வைத்து, கூரை போட்ட நடைபாதை. குற்றாலச் சாரலில் நனைந்தே பழகிய எனக்கு அதுவே பெரிய ஏற்பாடாகத் தெரிந்தது. பாவ்லா தூணுக்குத் தூண் நின்று வரலாறு சொன்னார். எனக்கு இத்தாலியன் தெரியாது. தலையாட்டத் தெரியும். ஆட்டினேன்.

பிறகு ஒரு பழைய சர்ச். எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். கடைசியாக வந்த நான் வாசலில் ஷூவைக் கழற்றினேன். தென்காசிக்காரன்... கோயிலோ சர்ச்சோ, செருப்புக் காலோடு உள்ளே போவேனா?

கழற்றியதோடு விட்டேனா என்றால், அதுவும் இல்லை. ஒரு சீசனில் குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் செருப்பைக் காணோம். பஸ் ஏறும் இடம் வரை வெறுங்காலில் நொண்டினேன். அன்றிலிருந்து ஒரு டெக்னிக் — செருப்பை ஜோடியாக வைப்பதில்லை. ஒன்று இங்கே, ஒன்று அங்கே. ஒற்றைச் செருப்பை எந்தத் திருடன் தொடுவான்?

ஆகவே, இடது ஷூ கதவோரம். வலது ஷூ மூன்றாவது தூணுக்குப் பின்னால்.

உள்ளே போனால் எல்லோர் காலிலும் ஷூ! நான் மட்டும் சாக்ஸோடு. சரி, பக்தியில் நாம் ஒரு படி மேல் என்று தேற்றிக்கொண்டேன்.

வெளியே வந்தேன். இடது ஷூ இருந்தது. வலது இல்லை.

மூன்றாவது தூணைச் சுற்றினேன். சந்தேகத்துக்கு நான்காவதையும் சுற்றினேன். செல்வி பார்த்துவிட்டாள். "என்னத்தப்பா தேடுதீங்க?"

சொன்னேன். முகம் சுருங்கிப்போயிற்று. எதிர்க் காபிக்கடையில் போய் விசாரித்துவிட்டு வந்தாள்.

"தெருக் கூட்டுறவரு இப்பத்தான் வண்டில அள்ளிட்டுப் போனாராம். ஒத்தையா கெடந்ததால குப்பைன்னு நெனச்சிட்டாரு. சோடியா இருந்தா யாரும் தொட்டிருக்க மாட்டாங்களாம்."

திருடனே இல்லாத தெருவில், அவன் வந்தே தீருவான் என்று நம்பிக் காத்திருந்தவன் நான் ஒருவன்தான். பத்திரப்படுத்தியே தொலைத்த பொருட்கள் உங்கள் வீட்டிலும் இருக்குமே... இல்லையா?

அதற்குள் வகுப்பே கூடிவிட்டது. கையில் ஒற்றை ஷூவோடு நான். பாவ்லா ஏதோ கேட்டார். செல்வியின் கண்ணில் தண்ணீர். முதல் சம்பளம் அல்லவா? மூச்சை இழுத்துவிட்டு, இத்தாலியனில் நீளமாக ஏதோ சொன்னாள். உடனே எல்லோரும் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. பாவ்லா நெஞ்சில் கை வைத்து எனக்குத் தலை வணங்கினார்.

கொஞ்ச தூரம் நடந்ததும் மெதுவாகக் கேட்டேன். "ஏட்டி, என்ன சொன்ன?"

"மனசுக்குப் பிடிச்ச கோயிலுக்குப் போனா, ஒத்தச் செருப்ப சாமிக்குன்னு விட்டுட்டு வாரது எங்க ஊரு வழக்கம்னு சொன்னேன். பெறகு? ஒங்க ஊர்ல களவாணி இருப்பான்னு எங்கப்பா ஒளிச்சு வச்சாருன்னா சொல்லச் சொல்லுதீங்க?"

அவள் மானத்தை நான் வாங்க, என் மானத்தை அவள் காப்பாற்றியிருக்கிறாள். "மன்னிச்சிரும்மா" என்றேன்.

"பேசாம வாங்கப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கல் பாவிய தெருவில் சாக்ஸ் காலோடு நடந்தேன்.

அடுத்த சர்ச் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவளோடு படிக்கும் ஜெர்மன்காரர் ஒருவர் வாசலில் குனிந்து, பயபக்தியோடு ஒற்றை ஷூவின் லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.