துறையை அடைத்த சாயங்காலம்

போர்ட்லின்னியின் சின்னத் துறைமுகத்துக்குப் பொறுப்பாளி எல்ஸ்பெத் லெக். கோடையில் இடிந்த கோட்டையைத் தேடி வருகிறவர்களுக்கு வழி சொல்வாள், படிக்கட்டில் பாசி சுரண்டுவாள். வடக்குக் காற்று கிளம்பினால்தான் ஊர் அவள் வாயைப் பார்க்கும். துறையின் குறுகிய வாசலில் கனத்த மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி அடைக்கச் சொல்ல அவளுக்கு மட்டுமே அதிகாரம். அடைத்தால் உள்ளே நிற்கும் படகுகள் பிழைக்கும். வெளியே இருப்பது வெளியேதான்.

அந்த நவம்பர் சாயங்காலம் காற்று கிளம்பியபோது படகோடு வெளியே இருந்தது அவள் தம்பி வுல்லி.

"இன்னும் என்னத்தப் பாக்குற? என் படகு சுவத்துல மோதி நொறுங்குது!" என்று கத்தினான் கிரெய்க் மேர். "உன் தம்பிக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா?"

அவன் கேட்டதில் தப்பே இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

எல்ஸ்பெத்தின் கையிலிருந்த ரேடியோ கரகரத்தது. "அக்கா, தொறந்தே வை. இதோ வந்துட்டேன்." கல்யாணத்தன்றும் இதையேதான் சொல்லி, பாதிரியாரைக் காக்க வைத்தவன் அவன்.

அப்போது வுல்லியின் மனைவி மோய்ரா கோட்டுகூடப் போடாமல் ஓடி வந்தாள். கூட்டம் விலகியது. காலில் விழப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"மூடு," என்றாள் அவள்.

"என்னடி சொல்றே?" என்றாள் எல்ஸ்பெத்.

"தொறந்திருக்கிற வரைக்கும் அந்தப் பிடிவாதக்காரன் இதுக்குள்ளதான் வருவான். இந்த அலையில வந்தா வாசப் பாறையில சிதறிடுவான். மூடிட்டா வேற வழியில்லாம கிழக்க இருக்கிற பெரிய மக்டஃப் துறைக்குப் போவான். மூடு!"

எல்ஸ்பெத் கிரேன்காரனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கிரேனில் ஆடிய முதல் மரத்தின் கயிற்றை மோய்ராவே பிடித்து இழுத்தாள். மரங்கள் இறங்கின. துறை மூடியதைச் சொல்லும் சிவப்பு விளக்கு ஏறியது.

"எவன்டா மூடினது?" ரேடியோ அலறியது.

மோய்ரா அதைப் பிடுங்கினாள். "நான்தான். திரும்பிப் போ."

படகின் வெளிச்சம் ஒரு தடவை அலைக்கு மேல் தெரிந்தது. கிழக்கே திரும்பியது. அப்புறம் மறைந்தது.

இருவரும் துறைமுக அறைக்கு வந்து காத்திருந்தார்கள். போட்ட டீ அப்படியே ஆறிக் கிடந்தது. கடைசியில் ஃபோன் அடித்தது. மக்டஃப்பிலிருந்து வுல்லி.

"அக்கா... அவ அழுவுறாளா?"

கயிறு உரித்த உள்ளங்கைகளை மடியில் விரித்தபடி மோய்ரா சத்தமில்லாமல் அழுது குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"இல்லடா," என்றாள் எல்ஸ்பெத். "உன்னைக் கண்டபடி திட்டிட்டு இருக்கா."

"அப்பாடா," என்றான் வுல்லி. அதற்கப்புறம் அவன் அழுகிற சத்தம்தான் கேட்டது.