பன்றிக்கு வைத்த வெடி

கச்சான் கடலை மண்ணுக்குள் காய் பிடிக்கத் தொடங்கினால் எங்களுக்கு முன்னமே பன்றிகளுக்குத் தெரிந்துவிடும். முல்லைத்தீவுப் பக்கத்து மணல் காணியில் நானும் கணவரும் மூன்றாவது முறையாக விதைத்திருந்தோம். முந்திய இரண்டு முறையும் பன்றிதான் அறுவடை செய்தது. இந்த முறையும் போனால் காணியை விட்டுவிட்டுக் கூலிக்குப் போவதாக இருந்தோம்.

நாங்கள் ஒன்று செய்தால் அவை ஒன்று பழகின. சுற்றிவரப் பழைய சேலைகளைக் கட்டினோம். மனித வாடைக்கு ஒரு கிழமை பயந்தன, பிறகு சேலையைக் கிழித்துக்கொண்டு வந்தன. தகரப்பேணிகளைக் கயிற்றில் தொங்கவிட்டோம். அந்தச் சத்தத்துக்குள் நின்றே தின்றன. பூசணித் துண்டுக்குள் பன்றி வெடி வைத்தார் கணவர். ஒரு குட்டி வாய் சிதறிச் செத்தது. அன்றிலிருந்து மற்றவை பூசணியை மணந்து பார்த்துவிட்டு விலகிப் போயின. படித்த பன்றிகள்!

உண்மையில் அவை பயந்தது எங்கள் நாய்க்கு மட்டும்தான். ஒருமுறை ஆண் பன்றி ஒன்று அதன் வயிற்றைப் பல்லால் கிழித்து, குடல் தெரிந்தது. தையல் ஊசியால் தைத்து மஞ்சள் அப்பினேன். பத்தாம் நாள் திரும்பவும் காணிக்குள் நின்று குரைத்தது. நாங்கள் போட்ட கருவாட்டுத் தலைக்கு அது அவ்வளவு செய்தது.

"வெடியக் கருவாட்டுத் தலைக்குள்ள வச்சுப் பாருங்கோ. பன்றி விடாது," என்று சொன்னது நான்தான்.

"நாய் மணந்து போகுமெல்லே?"

"நான் கட்டி வைக்கிறன்."

வெடி வைப்பது குற்றம் என்று இருவருக்கும் தெரியும். பின்னேரம் வைத்தோம். நாயைக் கட்டினேன். விடிந்ததும், மாடுகள் வருமுன் மிச்ச வெடிகளை எடுக்கக் கணவர் போனார். குசினிக்குப் போகிற வழியில் என் கை தன்பாட்டில் நாயை அவிழ்த்துவிட்டது. அடுப்பு மூட்டமுன் தினமும் செய்கிற வேலை. நாய் அவருக்குப் பின்னால் ஓடியது. தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தபோதுதான் உறைத்தது. கேத்தலை விட்டுவிட்டு வாசலுக்கு வருமுன் வெடித்தது.

எங்கள் ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் முதலில் ஆட்களைத்தான் எண்ணுவோம். ஓடினேன். அவர் நின்றார். இரண்டு கையும் இருந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

நாய் அவரைத் தாண்டி என்னிடம் வந்தது. கீழ்த்தாடை இல்லை. நாக்கு கழுத்தோடு தொங்கி, இரத்தம் கட்டியாக விழுந்தது. அப்போதும் வாலை ஆட்டியது.

"ஏனடி அவிட்டனீ?" என்று கத்தினார். மண்வெட்டியை ஓங்கியவர், கீழே போட்டார். "என்னால ஏலாது."

நான் எடுத்தேன். முதல் அடி தோளில் விழுந்தது. கத்த வாயில்லாமல் அது என் காலோடு ஒட்டிப் படுத்தது. அடுத்த இரண்டையும் தலையில் போட்டேன். கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்தவள் நான், வெந்தது அது.

காணி மூலையில் புதைத்தோம். மறுநாள் காலை கச்சானில் பாதி கிளறப்பட்டிருந்தது. குரைக்க ஆளில்லையே. மூலைக்குப் போனேன். பன்றிகள் குழியைத் தோண்டி நாயை வெளியே இழுத்திருந்தன. தலையும் முன்கால்களும்தான் மிச்சம். சுற்றிவர மண்ணில் குட்டிகளின் கால்தடங்களும் கிடந்தன. பன்றிகளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவிழ்த்துவிட்ட கையை வெட்டிப் போட வேண்டும் போலிருந்தது.