ஒரே குடி, வேறு கொடி

சுனாமிக்குப் பிந்திய முதல் மாரி முடிந்த கையோடு, ஆரையம்பதிக் கரையில் உப்பேறிய கிணறு ஒன்றை இறைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. மொட்டை மணலாகக் கிடந்த இடமெல்லாம் அடம்பன் கொடி ஓடி, ஊதாவாகப் பூத்திருந்தது. வாளி இழுத்த மாமாமார் இருவருக்குள் அதைப் பற்றி வாக்குவாதம்.

“பழைய கொடிதான். வேர் மண்ணுக்க கிடந்திருக்கும்.”

“விசர்க் கதை கதையாத. மண்ணையே கடல் அள்ளிற்று. இது எங்கயோ இருந்து மிதந்து வந்த விதை.”

கொடியிடமே கேட்க முடியாதா என்று தோன்றியது. அப்போது நான் உயர்தர வகுப்பில் இருந்தேன். கேட்கலாம் என்பது பல்கலைக்கழகம் போன பிறகுதான் தெரிந்தது. இலையிலிருந்து டிஎன்ஏ எடுத்து, செடிக்குச் செடி மாறக்கூடிய சில துண்டுகளை மட்டும் பெருக்கி ஜெல் என்னும் கூழ்த்தட்டில் ஓடவிட்டால் கோடுகள் விழும். அந்தத் துண்டுகளைத்தான் மூலக்கூற்றுக் குறிப்பான் என்கிறோம். கோடு வேறென்றால் செடியும் வேறு.

இறுதியாண்டு ஆய்வுக்கு அடம்பனைக் கேட்டேன். விரிவுரையாளர் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: “வித்தியாசம் ஒண்டும் வரயில்லையெண்டா நெல்லுக்கு மாறிரவேணும்.” நெல்லை ஏற்கெனவே எத்தனையோ பேர் பார்த்தாயிற்று. எனக்கு அடம்பன்தான் வேண்டும்.

கரை நெடுக இலை பறித்தேன். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் மணிகளைச் சேர்த்துவைத்து அவற்றோடு இலைகளைக் காயவைத்தேன். சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் பொதியை மோந்து பார்த்துவிட்டுப் போகவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சப் பிரிவு தாய்வழியில் வரும். கோயில் திருவிழா தொடக்கம் கல்யாணம் வரை “என்ன குடி?” என்ற கேள்வி முன்னால் நிற்கும். அந்தப் பழக்கமோ என்னவோ, நான் முதலில் எடுத்தது இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையவுருமணியின் குறிப்பான். அது பெரும்பாலும் தாய்ச்செடியிடமிருந்து மட்டும் வருவது. போர் முடிந்ததென்று வானொலி சொன்ன கிழமை ஜெல்லும் முடிவைச் சொன்னது: எல்லா இலைக்கும் கோடு ஒரே இடத்தில். ‘கரை முழுக்க ஒரே கொடி’ என்று எழுதிவிட்டு, நெல்லுக்கு மாறுகிறேன் என்று சொல்லத் தயாரானேன்.

ஆய்வுகூடத்தில் பக்கத்து மேசையில் இருந்த, சித்தாண்டி ஊர்த் தோழி எட்டிப் பார்த்தாள்.

“நீ பாத்தது குடியைத்தானேடி?”

“ஓம்.”

“நானும் என்ட அக்காவும் ஒரே குடி. அதுக்காக ரெண்டு பேரும் ஒரே ஆளா? அத்தானிட்டப் போய்ச் சொல்லிப் பார். செருப்பைக் கழட்டுவார்!”

சிரித்துக்கொண்டே எழுதியதை வெட்டினேன். அதே டிஎன்ஏயில், உயிர்க்கலத்தின் கருவிலுள்ள குறிப்பான்களை மறுபடி ஓடவிட்டேன். அவை தாய், தந்தை இருவழியும் வருபவை. இம்முறை கோடுகள் கலைந்து விழுந்தன. பக்கத்துப் பக்கத்தில் படர்ந்தவைகூட வெவ்வேறு கொடிகள்; ஒரே வேரிலிருந்து பரவியவை அல்ல, தனித்தனி விதையில் முளைத்தவை.

விரிவுரையாளர் ஜெல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “சரி, அடம்பனே இருக்கட்டும். ஆனா இதெல்லாம் மண்ணுக்க கிடந்த விதையா, கடல் கொண்டுவந்ததா? மற்றக் கரைகளைப் பாக்காம எப்பிடிச் சொல்லுவீங்க?”

சொல்ல முடியாது. வடக்கே வாகரைப் பாதை இப்போது திறந்திருக்கிறது. வருகிற கிழமை தோழியும் நானும் பஸ் ஏறுகிறோம். கண்ணிவெடி அகற்றியதாகப் பலகை நட்ட மணலில் மட்டும் இறங்கி இலை பறிப்போம். இந்தத் தடவை இரண்டு குறிப்பானையும் சேர்த்தே ஓட்டுவதாக முடிவு.